படத்தை மிதித்தவர்களின் ஜெபம்

கிறிஸ்தவ வரலாறு என்றதும் வானுயர்ந்த கோயில்களும், விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சிகளும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் கோயில் இல்லாமல், குருவானவர் இல்லாமல், உயிரைக் கொடுக்கும் துணிச்சலும் இல்லாமல் ஒரு கூட்டம் 200 ஆண்டுகளுக்கு மேல் வழிபாட்டைக் காப்பாற்றி வைத்திருந்தது. அவர்கள் ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஏழை விவசாயிகளும் மீனவர்களும்!

நம் முத்துக்குளித்துறை மீனவர்களிடையே பணியாற்றிய அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549ல் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார். அங்கே வேகமாகப் பரவிய கிறிஸ்தவத்தை ஆட்சியாளர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1597ல் நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். 1614ல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. 1644ல், மறைந்திருந்த கடைசி குருவானவரும் கொல்லப்பட்டார்.

தடையை அமல்படுத்த அதிகாரிகள் ஒரு சோதனை வைத்தார்கள். அதற்கு 'ஃபுமி-எ' என்று பெயர். இயேசு அல்லது மாதாவின் உருவம் பதித்த பலகையை ஊர்மக்கள் எல்லோரும் ஒவ்வொருவராக மிதிக்க வேண்டும். நாகசாகியில் ஆண்டுதோறும் இது நடந்தது. மறுத்தவர்களுக்குச் சித்திரவதை, மரணம். மறுத்தவர்களும் உண்டு. ஆனால் பிள்ளை குட்டிகளை நினைத்து மிதித்தவர்களே அதிகம்.

மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தார்கள்? கதவைச் சாத்திவிட்டு மனஸ்தாப ஜெபம் சொன்னார்கள். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாத நிலையில், உள்ளம் நொந்து மன்னிப்புக் கேட்டால் போதும் என்று சொல்லும் ஒரு சிறு நூல் 1603ல் அங்கே வெளிவந்திருந்தது. அதைக் கையால் பிரதி எடுத்து, தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டும் மிதிக்க வேண்டி வரும் என்று தெரியும். அடுத்த ஆண்டும் மன்னிப்புக் கேட்டார்கள்.

சட்டப்படி எல்லோரும் புத்த கோயில் பதிவேட்டில் பெயர் எழுதியாக வேண்டும். சாவு வீட்டில் புத்த பிக்கு வந்து மந்திரம் ஓதுவார். அந்த மந்திரத்தின் பலனை நீக்க இவர்கள் ரகசியமாகத் தங்கள் ஜெபத்தைச் சொல்வார்கள். கருணைத் தெய்வமான கண்ணோனின் சிலையையே மாதாவாக நினைத்து வணங்கினார்கள். பண்டிகை நாட்களைக் கணக்கிட்டுச் சொல்ல ஊரில் ஒருவர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், செய்தியை வீடு வீடாகக் கொண்டு போக ஒருவர்... இவ்வளவுதான் அவர்களுடைய திருச்சபை. லத்தீன் ஜெபங்களின் பல சொற்களுக்கு அர்த்தம் மறந்துபோனது. ஆனாலும் சொல்வதை நிறுத்தவில்லை.

1850களில் ஜப்பான் வெளிநாட்டவருக்குக் கதவைத் திறந்தது. அவர்களுக்காக நாகசாகியின் ஓஉராவில் ஒரு கோயில் கட்டப்பட்டது. 1865 மார்ச் 17 அன்று, உரகாமி கிராமத்திலிருந்து வந்த சுமார் 15 பேர் அங்கிருந்த பிரெஞ்சுக் குருவானவர் பெத்திஜானை அணுகினார்கள். தங்களுக்கும் அவருக்கும் ஒரே மனம்தான் என்று மெல்லச் சொன்ன ஒரு பெண்மணி, மாதா சொரூபம் எங்கே என்று கேட்டார். தாங்கள் அப்போது தவக்காலம் அனுசரிப்பதாகவும் சொன்னார்கள். ஆம், திருச்சபைக்கும் அது தவக்காலமேதான்!

சோதனை அத்தோடு முடியவில்லை. தடை இன்னும் நீடித்ததால் உரகாமி மக்கள் சுமார் 3,400 பேர் நாடு கடத்துவதுபோல் வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 1873ல்தான் தடைப் பலகைகள் அகற்றப்பட்டு, மீதிப்பேர் ஊர் திரும்பினார்கள்.

திரும்பியவர்கள் ஒரு நிலம் வாங்கினார்கள். எந்த இடம் தெரியுமா? அவர்களுடைய முன்னோர்கள் ஆண்டுதோறும் உருவத்தை மிதிக்க நின்ற ஊர்த்தலைவர் வீட்டு நிலம்! அங்கே 1895ல் தொடங்கிக் கோயில் கட்டினார்கள். 1945 ஆகஸ்ட் 9 அணுகுண்டு அதையும், பங்கு மக்களில் பெரும்பாலோரையும் அழித்தது. 1959ல் அதே இடத்தில் மீண்டும் கட்டினார்கள்.

வேதசாட்சிகளின் வீரம் போற்றத்தக்கதுதான். ஆனால் 1865ல் மாதாவைத் தேடி வந்தவர்கள், மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுதவர்களின் பேரப்பிள்ளைகள். தங்களைப் பெரிய பக்திமான்கள் என்று நினைத்திருந்தால் முதல் தடவை மிதித்தபோதே எல்லாம் முடிந்ததென்று விட்டிருப்பார்கள். பலவீனர்கள் என்று தெரிந்ததால்தான் ஒவ்வொரு ஆண்டும் மறுபடி மண்டியிட்டார்கள். தாழ்மை என்பதற்கு வரலாற்றில் இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?