நோவு ஒரு அளவுகோலா?

"நேற்று நல்லாச் செய்தனியா?" என்று ஜிம்முக்குப் போகும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "உடம்பெல்லாம் நோகுது, அப்ப நல்லாத்தான் செய்திருக்கிறன்" என்பார். நோகாவிட்டால் ஏதோ குறைய விட்டுட்டம் என்று அடுத்த நாள் பாரத்தைக் கூட்டுகிறவர்கள் எங்களில் கனபேர். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

1902இல் அமெரிக்க உடலியலாளர் தியடோர் ஹஃப், விரல் தசைகளைத் திரும்பத் திரும்ப இயக்கவைத்து ஆராய்ந்தார். வேலை செய்யேக்க வாற களைப்பும், கனநேரம் கழிச்சு வாற நோவும் ஒன்றல்ல என்று கண்டார். பழகாத தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிவுகளே பிந்தி வரும் நோவுக்குக் காரணம் என்பது அவருடைய விளக்கம்.

ஆனால் மக்களிடம் பரவியது வேறு கதை. 1907இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெச்சரும் ஹொப்கின்ஸும் களைத்த தவளைத் தசையில் லக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். தசை பற்றிய ஆய்வுகளுக்காக ஹில், மயர்ஹோஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் எந்தத் தசைநோவுக்கும் லக்டிக் அமிலமே குற்றவாளி என்றாகிவிட்டது.

உண்மையில் பயிற்சி முடிந்து ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அது இரத்தத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நோவு உச்சத்துக்கு வருவதோ 1 முதல் 3 நாட்களில். 1983இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்களை ட்ரெட்மில்லில் ஒருமுறை சமதரையாகவும், இன்னொருமுறை இறக்கமாகவும் 45 நிமிடம் ஓடவிட்டார்கள். சமதரையில் லக்டிக் அமிலம் கூடியது, பிறகு பெரிதாக நோகவில்லை. இறக்கத்தில் அது கூடவில்லை, ஆனால் கால் நல்லா நொந்தது. இறங்கேக்க தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழகாத தசையைக் குழப்புவது அந்த வேலைதான்.

ஆக, நோவு சொல்வது "கடுமையாகச் செய்தாய்" என்பதை விட "புதிதாகச் செய்தாய்" என்பதைத்தான். தினமும் தோட்டம் கொத்துகிறவருக்கு அடுத்த நாள் உடம்பு நோகாது. ஒருநாள் மட்டும் மண்வெட்டி பிடித்த எங்களுக்கு நோகும். அதுக்காக எங்கட வேலை அவருடையதை விடப் பெரிசா?

அப்படியென்றால் கடுமையை எப்படி அளக்கிறது? 1960களில் சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் ஒரு எளிய வழி சொன்னார்: செய்கிறவரையே கேளுங்கள். அவருடைய அளவு 6இல் தொடங்கி 20இல் முடியும். 6 என்றால் ஓய்வு, 13 என்றால் ஓரளவு கடினம், 20 என்றால் இதற்கு மேல் ஏலாது. சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், சுகதேகியான இளைஞரின் இதயத்துடிப்புக்கு அண்ணளவாக வரும். கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். ஆனால் அந்த எண் பயிற்சி நடக்கேக்கயே கேட்கவேண்டியது, அடுத்த நாள் காலமை அல்ல.

நோவைப் பதக்கமாகப் போட்டுக்கொள்வதில் ஆபத்தும் இருக்கிறது. பழகாத உடம்பை ஒரேயடியாக வருத்தினால் தசை சிதைந்து சிறுநீரகத்தையே பாதிக்கலாம். தாங்கேலாத நோ, வீக்கம், சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போதல் என்று கண்டால் "நல்ல வேர்க்அவுட்" என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஹஃப் இதைப் பிரித்துக் காட்டி நூற்றியிருபது வருசம் கடந்துவிட்டது. நாங்கள் இன்னும் படியில் நொண்டி இறங்குவதை வைத்துத்தான் எங்கள் உழைப்புக்குப் புள்ளி போடுகிறோம்.