துண்டுக்கு அடியில் பேசிய விலை

வேலூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே பொய்கையில் செவ்வாய்தோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. தமிழ்நாட்டின் பல மாட்டுச் சந்தைகளில் விலையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இருந்ததில்லை. தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொள்வார். உள்ளே விரலைப் பிடித்து, மடக்கி, விட்டுப் பேரம் நடக்கும். சுற்றி நிற்கிறவர்களுக்கு மாடு தெரியும், விலை தெரியாது. விவசாயியை இருட்டில் வைத்துத் தரகர் சம்பாதிக்கவும் இது வசதி, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் பக்கத்தில் நிற்பவன் என்ன கொடுத்தான் என்று பார்த்துப் பதறி விலையைக் கூட்ட அங்கே வழி கிடையாது. அந்தப் பக்கத்துத் தோல் வியாபாரத்தில் அவசரத்தைத் தடுக்கும் வேலையைக் காலம் செய்தது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறித் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆனது. அன்று வாங்கிய தோலை அன்றே பதனிட்டு விற்க முடியாததால், ஆம்பூர், பேரணாம்பட்டு வியாபாரிக்கு மணிக்கு மணி விலை விசாரித்து ஆகப்போவது ஒன்றுமிருக்கவில்லை. மாட்டு வியாபாரிக்கோ தோல் வியாபாரிக்கோ யாரும் மன அடக்கம் கற்பிக்கவில்லை. தொழிலின் ஏற்பாடே அவசரத்தைக் கட்டிப்போட்டது.

பங்கு வியாபாரிகளுக்கு இன்று நடக்கும் மனவியல் கருத்தரங்குகள் இதற்கு நேர் எதிரானவை. ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டு மனதைத் திருத்தப் பார்க்கின்றன. சரக்கும் புதிதல்ல, அமெரிக்காவில் ஜி.சி. செல்டன் பங்குச் சந்தையின் மனவியலைப் பற்றிப் புத்தகம் எழுதியது 1912இல். நூறாண்டுக்கு மேல் பாடம் நடந்தும் கணக்கு தேறவில்லை. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் சொன்னது. கட்டணங்களாக மட்டும் அவர்கள் கொடுத்தது சுமார் 50,000 கோடி. பதறி வாங்கினாலும் நிதானமாக வாங்கினாலும் தரகு ஒன்றுதான்.

மனம்தானே தவறு செய்கிறது, அதைத் திருத்தினால் என்ன என்று கேட்பவர்கள் பக்கம் ஆதாரம் உண்டு. அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளைப் பார்த்த டெரன்ஸ் ஓடீன், ஏறிய பங்கை அவசரமாக விற்று, இறங்கிய பங்கைக் கட்டிக்கொண்டு அழும் பழக்கத்தை 1998இல் எண்களால் காட்டினார். ஆனால் அவரே பிராட் பார்பருடன் 2000இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். பங்கைத் தேர்ந்தெடுத்ததில் பெரிய பழுதில்லை; ஓயாமல் வாங்கி விற்ற செலவுதான் தின்றது. அதற்கு மருந்து குறைவாக வியாபாரம் செய்வது. தினமும் வியாபாரம் செய்ய வந்தவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு இதைச் சொல்ல எந்தப் பயிற்சியாளருக்கு மனம் வரும்?

தோல் வியாபாரிகள் மட்டும் நஷ்டமே படவில்லையா? பட்டார்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1920 வாக்கில் உலகச் சந்தையில் தோல் விலை சரிந்தது. ஏற்பாடு நஷ்டத்தைத் தடுக்காது. ஒரே நாளில் பத்து முறை நஷ்டப்படுவதைத்தான் தடுக்கும். அடுத்தவர் பணம் சேர்ந்தால் அதுவும் போதாது. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தபோது போனது ஊரார் போட்ட வைப்புத்தொகை. லண்டன் கூட்டாளி ஆடிய சூதாட்டம் அதை விழுங்கியிருந்தது. நிதானத்துக்குப் பேர்போன பெரிய மனிதர்களின் வங்கி அது.

சொந்த முறை ஒன்று லாபம் தருகிறது என்று கணக்கேட்டில் நிரூபித்துவிட்டு, அதைக் கடைப்பிடிக்க முடியாமல் தடுமாறுபவருக்குக் கருத்தரங்கு உதவலாம். அப்படிப்பட்டவர் சிலர்தான். மற்றவர்களுக்கு 2024 நவம்பரில் செபி செய்ததே பெரிய உதவி: வாரந்தோறும் காலாவதியாகும் ஆப்ஷன்களை ஒவ்வொரு பங்குச் சந்தைக்கும் ஒரே குறியீடு என்று சுருக்கி, ஒப்பந்த அளவையும் உயர்த்தியது. 2025 ஜனவரியில் இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது. பங்குக் கல்வி நடத்துபவர்கள் கடைசி மூன்று மாத விலைகளைக் காட்டிப் பேசக் கூடாது என்றது அது. விலை கைவிட்டுப் போன பயிற்சியாளர்களுக்கு மிச்சமிருப்பது மனம்தான்; அதைப் பற்றிப் பேச அந்தச் சுற்றறிக்கையில் தடை இல்லை.