பெட்டிக்குள் ஒரு வெயில்

1850களின் தொடக்கத்தில் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஒரு போவா பாம்பு தன் கூண்டில் கிடந்த கம்பளியை விழுங்கிவிட்டது. பல வாரங்கள் வயிற்றில் வைத்திருந்து ஒருவழியாகக் கக்கியது. இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆனால் பாம்புக் கூண்டில் கம்பளி எதற்கு என்று யாரும் நின்று கேட்பதில்லை. குளிருக்காகத்தான் போட்டார்கள். மனிதனுக்குக் கம்பளி உதவுகிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு: அவன் உடம்பு ஓயாமல் சூட்டை உண்டாக்குகிறது, கம்பளி அதை வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது. பாம்பின் உடம்பு அப்படிச் சூட்டை உண்டாக்குவதில்லை. வெளியிலிருந்து சூடு வராதவரை, அதன்மேல் எத்தனை கம்பளி போர்த்தினாலும் அது குளிர்ந்துதான் கிடக்கும். கம்பளி போட்டவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். தங்களுக்கு எப்படிக் குளிருமோ அப்படித்தான் பாம்புக்கும் குளிரும் என்று நினைத்தார்கள். பாம்பை அடைத்து வளர்க்கும் பெட்டியின் வரலாறு, நான் புரிந்துகொண்ட அளவில், இந்த ஒரு நினைப்பு மாறிய வரலாறு. பூட்டும் கண்ணாடியும் முதலிலேயே வந்துவிட்டன. சூட்டைப் பற்றிய சரியான அறிவு வர ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. அது வந்த பிறகுதான் நாலு பலகையும் ஒரு பல்பும் கையில் உள்ள சாதாரண ஆளால் தன் வீட்டிலேயே பாம்பை நலமாக வளர்க்க முடிந்தது.

உலகில் ஊர்வனவற்றுக்கென்று தனியாகத் திறந்த முதல் கட்டடம் 1849இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் அமைந்தது. அங்கே பாம்புகள் கண்ணாடி முகப்பு வைத்த பெட்டிகளில் இருந்தன. அன்றைக்கு அந்தப் பெட்டி செய்ய வேண்டியிருந்த வேலை இரண்டு. பார்க்க வருகிறவர்களுக்குப் பாம்பு நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் அவர்களைத் தொட்டுவிடக் கூடாது. இரண்டாவது வேலை எவ்வளவு முக்கியம் என்பதை 1852 அக்டோபரில் நடந்த ஒரு சாவு காட்டியது. எட்வர்ட் கர்லிங் என்ற பராமரிப்பாளர் இரவெல்லாம் குடித்துவிட்டுக் காலையில் வேலைக்கு வந்து, நாகத்தைப் பெட்டியிலிருந்து கையால் வெளியே எடுத்தார். முகத்தில் கடிபட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. இப்படிப்பட்ட ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு பெட்டி என்றாலே முதலில் பூட்டு நினைவுக்கு வருவது இயல்புதான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காட்சியும் காவலும் மனிதனின் தேவைகள். உள்ளே இருக்கும் உயிருக்கு எது தேவை என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் பின்னால் போய் நின்றுவிட்டது.

அன்றைக்கு வெப்பமானி இல்லாமல் இல்லை. பாரிஸில் 1841இல் ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அவற்றைச் சுற்றிச் சுருண்டு அடைகாத்தபோது, வலென்சியென் என்ற உயிரியலாளர் அதன் சுருள்களுக்கு நடுவே வெப்பமானியை வைத்து அளந்தார். சுற்றியிருந்த காற்றைவிடப் பாம்பு சூடாக இருந்தது. அடைகாக்கும் மலைப்பாம்பின் சூட்டை இந்தியாவில் கண்டதாகச் சொன்ன ஒரு பயணியை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு அறிஞர்கள் நம்பாமல் ஒதுக்கியிருந்தார்கள். 1862இல் லண்டனிலும் ஒரு மலைப்பாம்பு அடைகாத்தது, அங்கேயும் அளந்தார்கள். ஆனால் முட்டைகள் பொரிக்கவில்லை. அடைகாக்கும் மலைப்பாம்பு தசையைத் துடிக்கவைத்துச் சூடு உண்டாக்கும், அதுவும் முட்டைகளுக்காக மட்டும். பாம்புகளில் இது மிக அரிதான விதிவிலக்கு. அந்த விதிவிலக்கை அளக்கத் தெரிந்த அதே அறிஞர்கள், மற்ற நாட்களில் ஒரு பாம்பு எந்தச் சூட்டில் இருக்க விரும்புகிறது என்று அளந்து பார்க்கவில்லை. காரணம் எளிது. சூழலின் சூடு எதுவோ அதையே பாம்பு ஏற்றுக்கொள்ளும், அதற்கென்று ஒரு விருப்பம் இல்லை என்பது அன்றைய முடிவு. விருப்பமே இல்லாத உயிருக்கு, கட்டடம் முழுவதையும் ஒரே அளவில் வெந்நீர்க் குழாயால் சூடேற்றினால் போதும் என்று தோன்றத்தான் செய்யும்.

வீட்டில் பெட்டி செய்யும் வழக்கம் இதற்குள் வேரூன்றியிருந்தது. 1897இல் லண்டனில் வெளியான கிரிகோரி பேட்மனின் நூல், வைவேரியம் எனப்படும் வளர்ப்புப் பெட்டிகளைப் பற்றியது. அவற்றைக் கட்டுவது, உள்ளே அமைப்பது, பராமரிப்பது மூன்றுக்கும் வழிகாட்டி என்று தன் தலைப்பிலேயே சொல்லிக்கொண்டது. வளர்க்க ஆசைப்பட்டவன் தச்சனாகவும் ஆக வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ரேமண்ட் டிட்மார்ஸ் சிறுவயதிலேயே பெற்றோர் வீட்டின் மேல்தளத்தில் பாம்புகளை வைத்திருந்தார். 1899இல் நியூயார்க் பிராங்ஸ் காட்சிசாலை திறந்தபோது அதன் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கெட்டிக்கார வளர்ப்பாளர்கள் எங்கும் இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய திறமை அவரவர் கையோடு நின்றது. இந்தப் பாம்பு இந்த மூலையில் நன்றாக இருக்கிறது என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர், ஏன் என்று அடுத்தவருக்குச் சொல்ல முடியவில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னால் ஓடியவர் ஜோன் புரோக்டர். 1923இல் லண்டன் காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பேற்றபோது அவருக்கு இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் இருக்கும். தீராத நோய் உடம்பை வாட்டிக்கொண்டிருந்தது. 34 வயதில், 1931இல் இறந்தார். இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில் அவர் திட்டமிட்டு 1927இல் திறக்கச் செய்த ஊர்வன இல்லம் மிகப் பெரிய சாதனை. பார்வையாளர் நிற்கும் இடத்தை இருட்டாக்கி ஒளியைக் கூண்டுகளுக்குள் கொண்டுபோனார். புறஊதாக் கதிரை உள்ளே விடும் தனிவகைக் கண்ணாடி போட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, மின்சாரத்தைக் கொண்டு கட்டடத்தின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு அளவில் சூடேற்றினார். கட்டடம் முழுவதற்கும் ஒரே சூடு என்ற முறையை முதலில் உடைத்தவர் அவர்தான். அவரைப் பற்றிப் பேசும்போது கொமோடோ உடும்போடு அவர் பழகியதையே பெரிதாகச் சொல்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

அப்படியானால் திருப்பம் 1927இலேயே வந்துவிட்டதே, நூறாண்டு ஆயிற்று என்பது எப்படிச் சரி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புரோக்டர் செய்தது சரி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைச் செய்ய ஒரு பெரிய நிறுவனத்தின் பணமும் கட்டடக் கலைஞரும் தேவைப்பட்டார்கள். ஊரில் யாரோ ஒருவர் அதைப் பார்த்து வியக்கலாம், வீட்டுக்குத் திரும்பித் தன் பெட்டியில் செய்துபார்க்க முடியாது. யாரும் எடுத்துக் கையாளக்கூடிய விளக்கமாக அந்த அறிவு மாறியது 1944இல். கலிபோர்னியாவின் பாலைவனத்தில் ரேமண்ட் கவுல்ஸும் சார்லஸ் போகர்ட்டும் பல்லிகளையும் பாம்புகளையும் வெயிலில் வைத்துக் கவனித்து, அவற்றின் உடல் வெப்பத்தை அளந்து, அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வெளியீடாக ஓர் ஆய்வை அச்சிட்டார்கள். பாலைவனத்துப் பாம்பு எந்த வெயிலையும் தாங்கும் என்ற நம்பிக்கை அதில் தகர்ந்தது. நடுப்பகல் மணலில் ஒதுங்க இடமில்லாமல் விடப்பட்டால், பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்த விலங்கும் சீக்கிரமே செத்துப்போகும். அது அங்கே பிழைத்திருக்கக் காரணம், வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே, மணலின் மேலுக்கும் அடிக்கும் இடையே நாள் முழுக்க இடம் மாறிக்கொண்டே தன் உடம்பை ஒரு குறுகிய வெப்ப எல்லைக்குள் வைத்திருப்பதுதான். அந்த எல்லை ஒவ்வோர் இனத்துக்கும் வேறுபடும். நம் உடம்பு உள்ளுக்குள் செய்யும் வேலையைப் பாம்பு ஊர்ந்து ஊர்ந்து செய்கிறது.

இதை ஏற்றுக்கொண்ட நிமிடமே பெட்டியின் இலக்கணம் மாறிவிடுகிறது. எத்தனை டிகிரி வைப்பது என்ற கேள்வி போய், எங்கிருந்து எங்கே வரை என்ற கேள்வி வருகிறது. இன்று மக்காச்சோளப் பாம்புக்கு ஒருவர் வீட்டில் பெட்டி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளைவுட்டில் நீளவாக்கில் ஒரு பெட்டி, முன்னால் தடத்தில் நகரும் கண்ணாடி, அதற்கு ஒரு பூட்டு. ஒரு முனையில் மட்டும் வெப்பப் பாயோ பல்போ. அந்த முனை 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், மறுமுனை 24ஐ ஒட்டி நிற்கும். சூடு ஏறிவிடாமல் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும், அதன் உணர்முனை சூடான பக்கத்தில் பாம்பு படுக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். பல்பைக் கம்பி வலையால் மூட வேண்டும், ஏனென்றால் சூட்டில் ஒட்டிக் கிடந்து வயிற்றுச் செதில் வெந்துபோகும்வரை நகராத பாம்புகள் உண்டு. ஒளிந்துகொள்ளும் மறைவிடம் ஒன்று போதாது, இரண்டு முனையிலும் வேண்டும். சூடான பக்கத்தில் மட்டும் மறைவிடம் இருந்தால், பாம்பு பயத்துக்கும் சூட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். குளிர்ந்த பக்கத்தில் மட்டும் இருந்தால், இரை எடுத்த பிறகும் அங்கேயே பதுங்கிக் கிடந்து, செரிக்காமல் கக்கிவிடும். இதில் எந்த வேலைக்கும் பெரிய தச்சன் வேண்டாம். 1897இல் இருந்த பலகையும் கண்ணாடியும்தான். பொருத்துகிறவரின் எண்ணம்தான் வேறு.

பலன் என்ன என்றால், இனப்பெருக்கம். அமெரிக்காவில் பெக்டெல் என்ற மருத்துவர், 1953இல் காட்டில் பிடிபட்ட நிறமி இழந்த மக்காச்சோளப் பாம்பு ஒன்றிலிருந்து தொடங்கி, 1961இல் அதே நிறத்தில் குட்டிகளைப் பெற்றார். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக வீடுகளில் பாம்பு பெருகியது. பழைய காட்சிசாலைகளிலும் பாம்புகள் பல ஆண்டு உயிரோடு இருந்தனவே என்பவர்களுக்கு என் பதில் இதுதான். உயிரோடிருப்பது நலத்துக்குச் சான்று ஆகாது. பாம்பு மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். நலிவு வெளியே தெரிய நெடுநாள் பிடிக்கும். வெந்நீர்க் குழாய் ஓடிய பக்கமும் ஓடாத பக்கமும் தற்செயலாகவே வெப்ப வேறுபாட்டை உண்டாக்கியிருக்கும், அதனால் பிழைத்த பாம்புகளும் இருக்கலாம். ஆனால் முட்டையிட்டு, பொரித்து, குட்டிகள் வளர்ந்து மறுபடி முட்டையிடுவது தற்செயலாக நடப்பதில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்ட பிறகு, பாம்பு பிடித்தே வாழ்ந்த இருளர்களுக்காக பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் அவர்கள் பிடித்துவரும் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சுதான் நாட்டின் நச்சுமுறி மருந்துக்குப் பெரும் ஆதாரம். அங்கே பாம்பு இருப்பது மண்பானையில். பாதிக்கு மணல், வாயில் பருத்தித் துணி போட்டு இறுக்கிக் கட்டு, அவ்வளவுதான். பல்பும் இல்லை, கண்ணாடியும் இல்லை, சூடான முனை குளிர்ந்த முனை என்ற பேச்சே இல்லை. இருந்தும் பாம்பு நலமாக இருக்கிறதே? இருக்கிறது, அதற்குக் காரணம் உண்டு. சென்னைச் சுற்றுவட்டாரத்துப் பாம்புக்கு அந்த மண்ணின் தட்பவெப்பமே பெரும்பாலும் ஏற்றது. லண்டன் குளிர் இங்கே இல்லை. இங்கே ஆபத்து சூடுதான், அதற்கு மண்பானையைவிடப் பொருத்தமான வீடு இல்லை. பானை மூச்சு விடுகிறது, உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது, எலிவளையைப் போல இருட்டாகவும் நெருக்கமாகவும் இருக்கிறது. பாம்பு பகலில் எங்கே ஒதுங்கும் என்று தலைமுறைகளாக அறிந்தவர்கள் தேர்ந்த பாண்டம் அது. என் வாதத்தை அது உடைக்கவில்லை. சூட்டை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விக்கு இந்த மண்ணில் கிடைத்த விடைதான் அது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை என்று சில முறை நஞ்சு எடுத்ததும், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். சில வாரத் தங்கலுக்கான பானையை ஆயுள் முழுக்க அடைத்துவைக்கும் பெட்டிக்கு முன்மாதிரி ஆக்க முடியாது. நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், அந்த ஆயுள் பெட்டி இங்கே எழுந்தாலும் அது அயல்நாட்டுப் பாம்புக்குத்தான். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனமானால் 2022 சட்டத் திருத்தத்தின்படி அதை அரசிடம் பதியவும் வேண்டும்.

பானையின் நெருக்கத்தை ஆதாரமாகக் காட்டி, சிறிய பெட்டியே பாம்புக்கு நிம்மதி என்று வாதிடும் வளர்ப்பாளர்கள் மேல்நாடுகளில் நிறையப் பேர். அலமாரி இழுப்பறைகளைப் போல அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் தட்டுகளில் பாம்பை வைக்கும் முறை அந்த வாதத்தில் பிறந்ததுதான். 2019இல் கிளிஃபர்ட் வார்விக்கும் உடன் ஆய்வாளர்களும் இதை மறுத்து, பாம்பு முழு நீளத்துக்கு நேராக நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இழுப்பறைக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை: பாம்பு நெருக்கத்தை நாடும். ஆனால் அது நாடுகிற நெருக்கம், வேண்டாதபோது வெளியேற முடிகிற நெருக்கம். இரண்டடி நீளத் தட்டில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே மிஞ்சும் வெப்ப வேறுபாடு சொற்பம். ஐந்தடிப் பாம்பு சுருண்டு படுத்தால் அதன் உடம்பே பாதித் தட்டை அடைத்துக்கொள்ளும், இடம் மாறிச் சூட்டைச் சரிசெய்துகொள்ள அதற்கு வழி இல்லை. நீளமான பெட்டியில் மறைவிடங்களை வைத்து நெருக்கத்தைத் தர முடியும். குட்டையான பெட்டியில் எதை வைத்தும் நீளத்தைத் தர முடியாது.