காரணமா, அடையாளமா? இரத்தக்குழல் அழற்சி ஆய்வில் சுண்டெலி மாதிரி
சிறு இரத்தக்குழல் அழற்சி நோயாளரின் குருதியில், நியூட்ரோஃபில் அணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதை 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பதிவுசெய்தனர். அவை நோயின் காரணமா, வெறும் அடையாளமா என்னும் வினா இருபது ஆண்டுகள் நீடித்தது.

2002இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மையலோபெராக்சிடேசு நொதியற்ற சுண்டெலிகளில் அந்நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளை உருவாக்கி, டி, பி நிணவணுக்களற்ற சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். அவற்றின் சிறுநீரகங்களில் மனித நோயை ஒத்த அழற்சி தோன்றியது. எதிர்ப்பொருளே நோயை விளைவிக்கப் போதுமானது என்பது இதனால் புலனாயிற்று. சி5 என்னும் நிரப்புப் புரதமற்ற சுண்டெலிகளை இந்நோய் தாக்கவில்லை என 2007இல் அக்குழுவினர் காட்டினர். சி5ஏ ஏற்பியைத் தடுக்கும் அவகோபான் மருந்து 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

எனினும் புரோட்டினேசு-3 எதிர்ப்பொருளுக்கு இதற்கிணையான மாதிரி எளிதில் அமையவில்லை. சுண்டெலியின் அப்புரதம் மனிதப் புரதத்தினின்று வேறுபடுவது அதற்கொரு காரணம். விலங்கு மாதிரியின் ஆற்றலும் எல்லையும் ஒரே நோயின் வரலாற்றில் வெளிப்படுகின்றன.