ராணுவத்தினர் சி.பி.டி. எண்ணெய் பயன்படுத்தலாமா? சட்டம் கூறுவது என்ன?

பெங்களூரு:

கஞ்சா செடியில் உள்ள கன்னாபிடியால் (சி.பி.டி.) அடங்கிய எண்ணெய், 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாக விற்பனை செய்யப்படுகிறது. இத்தகைய மருந்துகளைப் பரிந்துரைக்கும் சிகிச்சையகம் பெங்களூரு கோரமங்களாவில் 2020-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு, விமானப்படை பயிற்சிக் கட்டளைத் தலைமையகம் ஆகியவை அமைந்துள்ள இந்நகரில், படைவீரர்கள் அறிந்திருக்க வேண்டிய விதிகள் வருமாறு:

போதைப்பொருள் சட்டம்

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதியே கஞ்சா ஆகும். நுனிப்பகுதி கலவாத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. இலைச் சாற்றில் தயாராகும் மருந்துகளுக்கு ஆயுர்வேத உரிமம் கிடைப்பது இதனால்தான். பாங்க் இச்சட்டத்தில் தடை செய்யப்படவில்லை என 2022 ஆகஸ்டில் ஜாமீன் வழக்கு ஒன்றில் கர்நாடக உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆனால், நுனிப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட பொருளை உட்கொண்டால் 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ராணுவச் சட்டம்

படைவீரர்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 48-வது பிரிவின்படி, பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போதையில் காணப்படுவது குற்றமாகும். ராணுவ நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால் அதிகாரிகள் பதவி நீக்கம் வரையிலும், மற்றவர்கள் 2 ஆண்டு வரை சிறையும் பெற நேரிடும்.

சிக்கல் எங்கே?

சி.பி.டி. போதை தராது. எனினும், அதே செடியில் உள்ள டி.எச்.சி. போதை தரும், முழுச் சாறு எண்ணெய்களில் இதுவும் இருக்கும். அமெரிக்காவில் இணையவழி விற்கப்பட்ட 84 சி.பி.டி. பொருட்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், 18 பொருட்களில் டி.எச்.சி. கண்டறியப்பட்டது. சுமார் 31 சதவீதப் பொருட்களில் மட்டுமே சி.பி.டி. அளவு சரியாகக் குறிக்கப்பட்டிருந்தது.

அமெரிக்க நடைமுறை

அந்நாட்டில் 2018-இல் சணல்வகைக் கஞ்சா சட்டப்பூர்வமாக்கப்பட்டது. ஆயினும், அதிலிருந்து தயாராகும் பொருட்களைப் படைவீரர்கள் பயன்படுத்த 2020 பிப்ரவரியில் பாதுகாப்புத் துறை தடை விதித்தது. மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அனுமதித்த மருந்துகளை உரிய பரிந்துரையுடன் பயன்படுத்த விலக்கு அளிக்கப்பட்டது.

கடையில் சட்டப்படி கிடைக்கிறது என்பது மட்டும் படைவீரருக்குப் பாதுகாப்பாகாது. எனவே, வெளி மருத்துவர் பரிந்துரைத்திருந்தாலும், பயன்படுத்தும் முன் படைப்பிரிவு மருத்துவ அதிகாரியிடம் தெரிவித்து ஆலோசனை பெறுவதே உரிய வழியாகும்.