டொபியும் ஒப்புதலும்

"டொபி தின்னாதை, பல்லுப் பழுதாப்போயிடும்." சின்னனில இதைக் கேட்காமல் எங்களில் ஒருத்தரும் வளர்ந்திருக்க மாட்டம். ஆனால் இதை அறிவியல்ரீதியாக நிறுவிய ஆய்வுக்காக யாருடைய பற்கள் போயின எண்டு நாங்கள் யோசிச்சதில்லை.

சுவீடனின் லுண்ட் நகரில் விபெஹோல்ம் என்றொரு வைத்தியசாலை இருந்தது. அறிவுசார் குறைபாடு உடையவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களை அங்கே வைத்திருந்தார்கள். 1940களின் இறுதியில் அவர்களில் ஒரு பகுதியினருக்கு, பல்லில் ஒட்டிக்கொள்வதற்கென்றே தயாரித்த டொபிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரங்களுக்கு இடையில் திரும்பத் திரும்ப ஒட்டும் இனிப்பைத் தின்றால்தான் பல் கூடுதலாகச் சூத்தையாகும் என்பது தெரியவந்தது. பலருடைய பற்கள் முற்றாக அழிந்தன. சம்மதமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு சுவீடனில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் இனிப்பு என்ற வழக்கம் வந்தது.

இது ஒரேயொரு சம்பவம் இல்லை. நியூயோர்க்கின் வில்லோபுரூக் நிறுவனத்தில் 1950களின் நடுப்பகுதியிலிருந்து பிள்ளைகளுக்கு ஈரல் அழற்சிக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்து ஆராய்ந்தார்கள். படிவத்தில் பெற்றோரின் கையெழுத்து இருந்தது. பிள்ளைகளின் சொல்லுக்கு அதில் இடமே இல்லை.

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்பம். இங்கிலாந்தில் மேபல் கூப்பர் என்ற சிறுமி 1957இல் சென் லோரன்ஸ் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ இருபது வருடம் அங்கேதான் இருந்தார். வெளியே வந்தபிறகு, அறிவுசார் குறைபாடு உடையவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசும் 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' இயக்கத்தில் முன்னணிக்கு வந்தார்.

அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. திறந்த பல்கலைக்கழக ஆய்வாளர் டொரதி அட்கின்சனோடு சேர்ந்து அவர் வேலைசெய்த முறை எளிமையானது. மேபல் கதைப்பார். அட்கின்சன் அதைப் பதிந்து, எழுதி, வாசித்துக் காட்டுவார். சரியா பிழையா என்று சொல்வது மேபல். 1997இல் வெளியான தொகுப்பில் அந்தக் கதை மேபல் கூப்பரின் பெயரிலேயே வந்தது. பிறகு அவரைப் பற்றிய பழைய பதிவுகளையும் இருவரும் சேர்ந்தே தேடினார்கள்.

அந்தப் பதிவுகளில் அதிகாரிகள் ஒட்டிய முத்திரைகள் இருந்தன. சன்னல் கம்பிகளை முதன்முதலாகக் கண்ட பிள்ளையின் பயத்தையும், சொந்தமாக ஒரு உடுப்புக்கூட இல்லாத வாழ்க்கையையும் மேபல்தான் சொன்னார். அவரில்லாமல் அந்த வரலாறு பாதிதான். 2010இல் திறந்த பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது.

இப்படியான வேலைக்கு 2000களின் தொடக்கத்தில் ஆய்வாளர் ஜான் வாம்ஸ்லி 'உள்ளடக்கும் ஆய்வு' என்று பெயர் வைத்தார். பெயர் வந்ததால் எல்லாம் சுகமாகிவிடவில்லை. சொல்லால் பேசாதவர்களோடு எப்படிச் சேர்ந்து ஆராய்வது? எழுதிக்கொடுப்பவரின் குரல் எந்த இடத்தில் நிற்க வேணும்? பங்காளிக்குச் சம்பளம் உண்டா? இந்தக் கேள்விகள் இன்னும் முடியவில்லை.

இலங்கை 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை உறுதிப்படுத்தியது. எங்களில் கனபேர் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்யிறம். அடுத்தமுறை இப்படியொரு தலைப்பை எடுத்தால், அம்மாவிடமும் ஆசிரியரிடமும் கேள்விக்கொத்தை நீட்ட முதல், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருப்பம். என்னத்தை ஆராய வேணும் எண்டதை முதலில் அவரிட்டயே கேப்பம்.