செவ்வாயின் செம்மை

செவ்வாய் தோஷமென்னும் பெயரால் நம் பெண்களின் மணம் தடைப்படுவதைக் கோலா கெடாவிலும் தோட்டங்களிலும் நாம் கண்டே வருகிறோம். அக்கிரகத்தின் செந்நிறத்தைச் சோதிடர் குருதியென்றும் சினமென்றும் கொண்டனர். உண்மையில் அது யாது? இரும்பின் துருவே.

இரும்பு கெடாவுக்குப் புதியதன்று. சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில், பண்டைய இரும்புருக்கு உலைகளும் துருத்திக் குழாய்களும் வெளிப்பட்டன. நம் தோட்டத்துச் செம்மண்ணின் நிறமும் இரும்புத் துருவின் நிறமே.

நிற்க. செவ்வாயின் துருவை அறிந்தது எவ்வாறு? ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் மோஸ்பவர் 1958-இல் கண்ட உண்மைக்கு 1961-இல் நோபெல் பரிசு கிடைத்தது. கோபால்ட்டு-57 என்னும் கதிர்மூலத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக் கல்லின்மீது காமாக் கதிரைச் செலுத்தினால், அதிலுள்ள இரும்பு எக்கனிமத்தைச் சார்ந்ததென விளங்கும். ஆய்வுச்சாலை மேசைக்குரிய அக்கருவியைக் கிளிங்கெல்ஹோஃபர் குழுவினர் சுமார் அரைக் கிலோ எடைக்குச் சுருக்கினர். 2004-இல் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்னும் இரு ஊர்திகள் அதனைச் செவ்வாயில் இயக்கின. ஆங்குள்ள மண்ணில் துருப்பொருளை அது காட்டிற்று. நீரின்றி உண்டாகாத ஜாரோசைட்டு என்னும் இரும்புக் கனிமத்தையும் காட்டிற்று. ஆங்கு முன்னொருகால் நீர் இருந்ததென்பதற்கு அது சான்றாயிற்று.

நாள்தோறும் செம்மண்ணை மிதித்து உழைக்கும் பெண்ணுக்கு அத்துருவால் தீங்கொன்றும் இல்லை. கோடி மைலுக்கு அப்பாலுள்ள துரு அவள் வாழ்வைக் கெடுக்குமோ? பெற்றோர்களே, சாதகக் கட்டை மூடிவைத்து, மணமக்களின் மனத்தைக் கேளுங்கள்.